பம்புக்குள் ஆவி படும் பாடு

மருந்து ஆலையில் குப்பிகளை உறையவைத்து, வெற்றிடத்தில் காயவைக்கும்போது பனி நீராகாமல் நேரே ஆவியாகிறது. 0.1 மில்லிபார் அழுத்தத்தில் ஒரு கிராம் பனியின் ஆவி அறை வெப்பத்தில் சுமார் 13,000 லிட்டர் இடம் கேட்கும். எந்தச் சிறு பம்பாலும் அதை இழுத்துத் தீராது. ஆகவே வழியில் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த சுருள்கள் நிற்கின்றன. பெரும்பகுதி அவற்றின்மேல் மறுபடி பனியாகப் படிந்துவிடும். தப்பிய மிச்சம்தான் பம்புக்கு வருகிறது.

ரோட்டரி வேன் பம்பின் தகடுகள் வாயுவை அள்ளி நெருக்கும். வெளிக்காற்றை மிஞ்சும் அளவுக்கு, அதாவது 1,000 மில்லிபாருக்குச் சற்று மேல் அழுத்தம் ஏறினால்தான் வெளிவால்வு திறக்கும். காற்றுக்கு இதில் சிக்கலில்லை. நீராவிக்கோ, 70 டிகிரியில் ஓடும் பம்பில் 312 மில்லிபாரே எல்லை. அதைத் தாண்டி நெருக்கினால் வால்வு திறக்கும் முன்பே நீராகிவிடும். ஆயிலோடு கலந்து மோர்போல் வெளுக்கும். உள்வாய்ப் பக்கம் சென்று மறுபடி ஆவியாகும். பிறகு பம்பு தன் ஈரத்தைத் தானே இறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்கு 1935-இல் வழி சொன்னவர் வோல்ஃப்காங் கேடே. டிஃப்யூஷன் பம்பைத் தந்த ஜெர்மானியர். கார்ல்ஸ்ரூவே பேராசிரியர் பதவியிலிருந்து நாஜிகளால் விலக்கப்பட்டவர். காற்றை வெளியேற்றும் கருவிக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் காற்றை விடச் சொன்னார்! உள்வாய் அடைபட்டு நெருக்கம் நடக்கும்போது, சிறு துளை வழியே வெளிக்காற்று நுழைகிறது. அழுத்தத்தின் பெரும்பங்கை அந்தக் காற்றே சுமப்பதால், ஆவி தன் எல்லையைத் தொடுமுன் வால்வு திறந்துவிடுகிறது. இதுவே கேஸ் பாலஸ்ட். விலையும் உண்டு: அது திறந்திருக்கும்வரை பம்பு எட்டும் வெற்றிடம் சற்று மட்டம். அளவுமானியில் அழகான எண் வேண்டும் என்று அந்தத் துளையின் திருகை மூடிவிடுகிறவர்கள் ஆயிலுக்குத்தான் செலவழிக்கிறார்கள். பம்பு நன்றாகச் சூடேறிய பிறகே ஆவியை விட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆவியோடு ஹைட்ரஜன் குளோரைடும் வந்தால் கதை மாறுகிறது. உலர்ந்திருக்கும்வரை ஓரளவு சாது. ஈரத்தைத் தொட்டதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அறைக்காற்றே ஈரத்தைக் கொண்டுவரும் என்பதால் துளையில் உலர்ந்த நைட்ரஜனை விடுகிறார்கள். சாதாரண மினரல் ஆயில் கெட்டுக் கசடாகும். அதற்குப் பதில் ஃப்ளோரின் சேர்ந்த விலையுயர்ந்த ஆயில். அது குளோரினுக்கு அசையாது. ஆனால் அமிலத்தை முறிக்கவும் செய்யாது; இரும்பை அரிப்பதும் நிற்காது.

சிப் ஆலைகளில் அலுமினியத்தைக் குளோரின் வாயுக்களால் செதுக்கும்போது பிறக்கும் அலுமினியம் குளோரைடு, குளிர்ந்த இடம் கண்டால் திடப்பொருளாகப் படிந்து குழாயை அடைக்கும். அங்கே ஆயிலே இல்லாத உலர் பம்புகள். அவற்றையும் வெளிக்குழாயையும் சூடாகவே வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் உடனே நிறுத்துவதில்லை: நைட்ரஜனை விட்டு மேலும் சிறிது நேரம் ஓட்டுகிறார்கள்.