விட்டுக்கொடுக்கும் எண்

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூர இணைப்பு படுத்துவிட்டது. நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட். நொடிக்கு ஐந்தே எழுத்து! எழுந்து நடந்துபோயே சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

கம்பி அறுந்துவிடவில்லை. நடுவிலிருந்த கருவிகளில் வரிசை நிரம்பிவிட்டது. பதில் வரவில்லையே என்று ஒவ்வொரு கணினியும் அதே தரவுத் துண்டை, அதாவது பாக்கெட்டை, மறுபடி அனுப்ப, பிதுங்கிய வரிசையில் நகல்களும் சேர்ந்துகொண்டன. இப்படி ஆகும் என்று கணினிப் பொறியாளர் ஜான் நேகிள் 1984லேயே எழுதியிருந்தார்.

வான் ஜேக்கப்சனும் மைக் கேரல்ஸும் அனுப்பும் கணினிக்குள் ஓர் எண்ணை வைத்தார்கள். பதிலுக்குக் காத்திராமல் எத்தனை பாக்கெட் அனுப்பலாம் என்பதைச் சொல்லும் எண் அது; பெயர் கஞ்செஷன் விண்டோ. 1988இல் பெர்க்லி யூனிக்ஸின் டஹோ பதிப்போடு வெளியே வந்தது. பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு அந்த எண் ஒன்றுக்கு இறங்கிவிடும். 1990இல் வந்த ரீனோ பதிப்பு அவ்வளவு பயப்படவில்லை. பெரும்பாலும் பாதியோடு நிறுத்திக்கொண்டது. நெரிசல் இல்லாதபோது, பாக்கெட் போய்ப் பதில் வரும் சுற்றுக்கு ஒன்றாக ஏறும்.

இதில் ஒரு நேர்த்தி உண்டு. 40 பாக்கெட் தாங்கும் இணைப்பில் ஒருவரிடம் 30, இன்னொருவரிடம் 10 என்று வையுங்கள். நெரிசலில் இருவரும் பாதியாகிறார்கள்: 15, 5. சேர்ந்தே ஏறினால் 25, 15. இருபதாக இருந்த வித்தியாசம் பத்தாகிவிட்டது. அடுத்த நெரிசலில் ஐந்து. பங்கு பிரிக்க நடுவில் யாருமே இல்லை.

ஆனால் விட்டுக்கொடுப்பவனை ஏய்ப்பதும் சுலபம். ஒரே ஆள் பத்து இணைப்பு திறந்தால் பத்துப் பங்கு. இதற்கும் நேகிள் 1985லேயே வழி சொன்னார்: நடுவிலுள்ள கருவி ஒவ்வொரு அனுப்புநருக்கும் தனி வரிசை வைத்து, முறை போட்டு எடுக்கட்டும். டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் மூவரும் 1989இல் அதற்கு முழு வடிவம் கொடுத்தார்கள்.

பிறகு நினைவகம் மலிந்தது. நடுவிலுள்ள ரவுட்டர்களில் வரிசை நீண்டது, பாக்கெட் தொலைவது குறைந்தது. தொலைந்தால்தானே எண் இறங்கும்? ஏறிக்கொண்டே போனது; பாக்கெட்டுகள் நீண்ட வரிசையில் காத்துக்கிடக்க, வீடியோ அழைப்பில் பேச்சு பின்தங்கியது. 2016இல் கூகுள் வெளியிட்ட பிபிஆர் என்ற முறை, தொலைவதை நம்பாமல் வேகத்தையும் தாமதத்தையும் அளந்தது. அதை எழுதிய குழுவிலும் ஜேக்கப்சன் இருந்தார். ஆனால் அதன் முதல் பதிப்பு, பக்கத்தில் ஓடும் பழைய முறைகளின் பங்கையும் பல சூழல்களில் தின்றுவிடுவதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைச் சரிக்கட்டத்தான் அடுத்தடுத்த பதிப்புகள் வருகின்றன.