பெயரைத் தேடுகிற கோயில்

ஒரு பங்கைச் சேர்ந்தவர் என்றால் என்ன? வன்னிக் கரையோரக் கத்தோலிக்கச் சனத்திட்டக் கேட்டால் ஞாயிறு பூசை, பெருநாள், பாடற்குழு என்று சொல்லுவினம். எங்களுக்கு முக்கியமாய்ப் படுவது வேறொன்று. உங்கட பெயர் ஒரு புத்தகத்தில இருக்கு. ஞானஸ்நானத்தில ஒருக்கா, கலியாணத்தில ஒருக்கா, சாவில ஒருக்கா எழுதுவினம். திரெந்து பொதுச்சங்கம் 1563இல் கலியாணப் பதிவைக் கட்டாயமாக்கிய காலத்திலிருந்து வருகிற வழமை இது. பார்க்க வெறும் கந்தோர் வேலை மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் 2009இல் வன்னியில் சண்டை துவக்குகளோடு மட்டும் நடக்கவில்லை. எத்தனை பேர் உள்ளே இருக்கினம் என்ற எண்ணிக்கையிலும் நடந்தது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்களையும் உதவி நிறுவனங்களையும் அரசு வெளியே போகச் சொன்னது. பிறகு, உள்ளே இருப்பது ஏறக்குறைய 70,000 பேர்தான் என்றது. கடைசியில் வெளியே வந்தவர்கள் மட்டும் 2,80,000க்கு மேல். குறைத்துச் சொன்ன எண்ணிக்கைக்குத்தான் சாப்பாடும் மருந்தும் அளந்து அனுப்பப்பட்டன. எண்ணாமல் விட்ட சனம் பசியோடு கிடந்தது.

குருமாரும் கன்னியாஸ்திரிகளும் பலர் போகவில்லை. கிளிநொச்சியிலிருந்து கிழக்கே, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலான மணல் துண்டு வரைக்கும், சனத்தோட சனமாய் இடம்பெயர்ந்தார்கள். தறப்பாளுக்குக் கீழேயும் பூசை நடந்தது.

கோயிலுக்குள் இருந்தால் தப்பலாம் என்று நம்பினவர்களும் இருந்தார்கள். இதை மழுப்பாமல் சொல்ல வேணும்: 2009 ஏப்ரலில் வலைஞர்மடம் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த இளம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையிலும் இது இருக்கிறது. அதே மாதக் கடைசியில் அந்த இடத்தில் செல் விழுந்து, முல்லைத்தீவுப் பங்குத்தந்தை ஜேம்ஸ் பத்திநாதர் காயப்பட்டார். கோயில் சுவர் எந்தப் பக்கத்தையும் தடுக்கவில்லை. அப்படியென்றால் அங்க போய் இருந்ததில் என்ன பிரயோசனம்? பிள்ளை எங்கே என்று பிறகு கேட்க, தாய் தகப்பனைத் தவிர இன்னொருவரும் இருந்தார் என்பதுதான்.

இந்த இடத்தில் பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேணும். யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸ் கல்லூரியின் முன்னாள் அதிபர். வயது போன மனுசன், விரும்பியிருந்தால் முன்னமே வெளியேறியிருக்கலாம். மே 10ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் நடப்பதைச் சொல்லிப் பாப்பரசருக்குக் கடிதம் எழுதினார். மே 18இல் வட்டுவாகல் பக்கம் சரணடைந்தவர்களோடு அவரும் போனார். அவர்களுடைய பெயர்களை அவர் ஒரு பட்டியலாய் எழுதினார் என்று கண்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஒரு பங்குச் சாமியாருக்குக் கை பழகின வேலை அது. ஆட்களை இராணுவத்தின் பஸ்சில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவரையும் காணவில்லை, அந்தப் பட்டியலையும் காணவில்லை. அதே நாள், சனத்தோடு வெளியே வந்துகொண்டிருந்த சரத்ஜீவன் அடிகளார் மாரடைப்பால் இறந்தார்.

காணாமல் போனவர்களை எண்ணிப் பார்க்கத் துணிந்தவர் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் அவர் வைத்தது இந்தக் கணக்குத்தான்: 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 4,29,059 பேர். 2009 யூலைக்குள் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679. இத்தனை பேருக்கும் என்ன நடந்தது என்று கேட்டார். அத்தனை பேரும் செத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. எங்கே என்றுதான் கேட்டார். அந்தக் கழித்தலை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யலாம். ஆனால் 2012இல் அதுக்காகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு அவரை விசாரித்தது. அந்தத் தொகையில் பெரும்பான்மை சைவச் சனம் என்பதையும் மறக்கக் கூடாது. தன் பங்குப் புத்தகத்தில் இல்லாதவர்களையும் அவர் தன் ஆட்களாய்த்தான் எண்ணினார். கொழும்பில் இருந்த திருச்சபைத் தலைமை அந்தக் கேள்வியை அதே குரலில் கேட்டதில்லை. எங்களுக்கு அது இன்னும் உறுத்துகிறது.

2021 ஏப்ரல் 1இல் ஆயர் இறந்தார். கேள்விக்கு மறுமொழி வரவில்லை.

அவருக்கு முன்னமே, 2017 மே மாதம், முள்ளிவாய்க்கால் கிழக்கு சின்னப்பர் கோயிலடியில் எழில் ராஜேந்திரம் அடிகளாரும் ஆட்களும் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து நட ஆயத்தம் செய்தார்கள். கல்லில் இருந்தவை கோசங்கள் இல்லை, பெயர்கள். பொலிஸ் நீதிமன்றத்துக்குப் போனது. 14 நாளுக்குத் தடை வந்தது.