ஒரே ஆண்டில் பிறந்த மருந்தும் எச்சரிக்கையும்

எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதைக் காட்டியது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது ஏறக்குறைய மும்மடங்கு. அந்நகரங்களுள் பெங்களூரும் ஒன்று. கண்டோன்மென்ட் காலந்தொட்டுத் தமிழர் வேரூன்றிய அல்சூரிலும், காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை உண்பது இன்று பல பெண்களின் அன்றாட வழக்கம். அம்மாத்திரையின் வரலாற்றில் எலும்புக்கும் ஓர் இடம் உண்டு.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே, செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை ஊசிவழியே செலுத்தி, சுரப்புக் குறைவால் நலிந்த 46 வயதுப் பெண்ணை மீட்டார். அதே ஆண்டில் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ரெக்லிங்ஹவுசன், சுரப்பு மிகுதியால் இறந்த இளம்பெண்ணின் எலும்புகள் புழு அரித்தாற்போல் இருந்ததைப் பதிவுசெய்தார். மருந்தும் எச்சரிக்கையும் ஒருசேரப் பிறந்தன. ஆயினும் மருந்து பரவிய வேகத்தில் எச்சரிக்கை பரவவில்லை.

1929-இல் பாஸ்டனில் ஜோசப் ஆப் குழுவினர், சுரப்பு மிகுந்தோரின் உடலிலிருந்து கால்சியம் மிகுதியாக வெளியேறுவதை அளந்து காட்டினர். 1940-41-இல் அந்நகரின் புல்லர் ஆல்பிரைட், மாதவிடாய் நின்றபின் தோன்றும் எலும்புப்புரையை ஈஸ்ட்ரோஜன் இழப்போடு இணைத்தார். எலும்பு கரைவதும் மீண்டும் உருவாவதும் இடையறாத சுழற்சி. ஈஸ்ட்ரோஜன் கரைதலைக் கட்டுப்படுத்துகிறது; தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் சுழற்சி விரைவுற்று, கரைந்த அளவு நிரம்புவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணிடம் இவ்விரண்டும் சேரும்போது இழப்பு மேலும் மிகுகிறது.

இந்தியாவிலோ தைராய்டின் பொதுநல வரலாறு பெரிதும் கழுத்தின் வரலாறாகவே அமைந்தது. கில்கித்தில் முன்கழுத்துக்கழலையை ஆராய்ந்த மெக்காரிசன், பின்னர்க் குன்னூரில் பணியாற்றினார். 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அயோடின் குறைவே அன்றைய கவலை. எலும்பு அக்கவலையின் எல்லைக்குள் வரவில்லை.

2001-இல் டக்ளஸ் பாவர் குழுவினர் அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 686 பெண்களை ஆராய்ந்தனர். டி.எஸ்.எச். அளவு 0.1-க்கு மேற்படாதோரிடம் இடுப்பெலும்பு முறிவின் வாய்ப்பு மும்மடங்காகவும், முதுகெலும்பு முறிவின் வாய்ப்பு நான்மடங்காகவும் இருந்தது. டி.எஸ்.எச். அவ்வளவு தாழ்வதற்கு நோய் மட்டுமன்று, மிகையான மாத்திரையும் காரணமாகலாம்.

இதன் பொருள் மாத்திரையை நிறுத்துவதன்று. குறைவை ஈடுசெய்யும் சரியான அளவு எலும்புக்குப் பகையாவதில்லை. ஐம்பதில் எழுதித் தந்த அளவு எழுபதிலும் பொருந்துமா என்று டி.எஸ்.எச். சோதனையால் அறிவதே தேவை. 1891-இன் எச்சரிக்கை அல்சூரின் முதிய பெண்ணைச் சென்றடைய வேண்டிய வழி, அந்த எளிய இரத்தச் சோதனைதான்.