சுங்கை பூலோவின் பூந்தோட்டங்கள்

மலாயாத் தமிழர் நாவில் 'தோட்டம்' என்னும் சொல் இருபொருள் தரும். ஒன்று, துரைமாரும் கங்காணிமாரும் ஆண்ட ரப்பர்த் தோட்டம். மற்றொன்று, லயத்து வீட்டின் பின்புறம் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் நாலு மிளகாய்ச் செடியும் நின்ற சிறு நிலம். முன்னதில் நம் முன்னோர் பிறருக்காக உழைத்தனர். பின்னதில் தமக்காக உழைத்தனர். இரண்டும் மண்வேலையே. ஆயினும், பகலெல்லாம் முதல் தோட்டத்தில் களைத்தவர் மாலையில் இரண்டாம் தோட்டத்தில் களைப்பாறினர். இஃது எவ்வாறு இயன்றது? இவ்வினாவுக்கு விடை காண, நம் நாட்டு வரலாற்றில் பலரும் நோக்காத ஒரு பக்கத்தைப் புரட்டுதல் நலம். அது தொழுநோயாளரின் வரலாறு.

செபராங் ஜெயாவிலிருந்து, 1985-இல் திறக்கப்பெற்ற பினாங்குப் பாலத்தின் வழியே தீவுக்குச் செல்வோர், இடப்பக்கம் காடடர்ந்த சிறு தீவொன்றைக் காணலாம். அதுவே ஜெரஜாத் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்று அமைந்தது. நோய்க்கு மருந்தறியாத காலம் அது. ஆகவே, நோயாளரை ஊரிலிருந்து பிரித்துக் கடலுக்கு அப்பால் வைப்பதே வழியெனக் கருதினர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற வேறுபாடின்றி எல்லா இனத்தாரும் இவ்வாறு ஒதுக்கப்பட்டனர். கரையில் நின்றால் தீவு தெரியும். தீவில் நின்றால் ஊர் தெரியும். ஆயினும், இடையே இருந்த நீரினும் அகலமானது மனிதர் மனத்திலிருந்த அச்சம்.

மூங்கிலாற்றுக் குடியிருப்பு

சிலாங்கூரில், கோலாலம்பூரை அடுத்த செத்தாப்பாவில் இருந்த பழைய தொழுநோயில்லத்தின் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் டிராவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். நோயாளரை அடைத்து வைக்கும் முறையை மாற்ற வேண்டுமென அவர் வற்புறுத்தினார். அதன் பயனாக 1930-இல் சுங்கை பூலோவில் புதிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 'மூங்கிலாறு' என்பது அப்பெயரின் பொருள். குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அஃது அமைந்தது. இங்கிலாந்தில் எபினேசர் ஹோவர்டு 1898-இல் எடுத்துரைத்த 'பூங்கா நகர்' என்னும் கருத்தின் சாயலை இதன் அமைப்பிற் காணலாம். நீண்ட நோயறைகளுக்கு மாறாகச் சிறுசிறு வீடுகள். வீட்டைச் சுற்றிச் செடி வைக்க இடம். பள்ளி, கடை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவை கொண்ட ஒரு சிற்றூராகவே அது விளங்கிற்று.

இதனைக் கொண்டு அங்கே துயரில்லை என எண்ணிவிடலாகாது. அழகிய ஊராயினும் விரும்பியபோது வெளியேற இயலாத ஊர் அது. அங்குப் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டன. பல குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் உணவும் மருந்தும் இன்றிப் பலர் மாண்டனர். பிள்ளையைத் தூக்கி வளர்க்க உரிமையற்ற கைகள், வீட்டு வாசலில் செடியை வளர்த்தன. இதனை எவ்வளவு ஆறுதல் என்று அளக்க எவராலும் இயலாது. ஆறுதலே இல்லை என்று சொல்லவும் இயலாது.

மருந்து செய்ததும் மண் செய்ததும்

தோட்டவேலை தொழுநோயைக் குணப்படுத்தவில்லை என்பதை இங்குத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். நம் சித்த மருத்துவர் நெடுங்காலமாகக் கையாண்ட நீரடிமுத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களின் எண்ணெயே முன்பு பல நாடுகளிலும் இந்நோய்க்கு மருந்தாக வழங்கியது. அதன் பயன் குறைவு. 1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் இனத்து மருந்தொன்று பயன்தரக் கண்டனர். பின்னர் டாப்சோன் மாத்திரை வந்தது. தொழுநோய் குணமாகும் நோயாயிற்று. 1969-இல் ஜெரஜாத் தீவு சிறைக் குடியிருப்பாக மாற, அங்கிருந்த நோயாளர் சுங்கை பூலோவுக்குக் கொண்டு வரப்பட்டனர்.

உடல் குணமாயிற்று, போவது எங்கே? உறவினர் சிலர் இறந்துவிட்டனர். சிலர் முகவரி மாற்றிக் கொண்டனர். சிலர் வீட்டில் இப்படியொருவர் இருந்தாரென்பதையே மறைத்துவிட்டனர். மருந்து தீர்க்க முடியாத இரண்டாம் நோய் இதுவே. இந்நோய்க்குத்தான் தோட்டம் துணை செய்தது. குணமடைந்தவர் பலர் குடியிருப்பிலேயே தங்கி, பூச்செடிகளையும் அலங்காரச் செடிகளையும் பழமரக் கன்றுகளையும் வளர்த்து விற்கத் தொடங்கினர். நாளடைவில் சுங்கை பூலோவின் நாற்றுப் பண்ணைகள் நாடறிந்தவை ஆயின. கோலாலம்பூர் மக்கள் தம் வீட்டுத் தோட்டத்துக்குச் செடி வாங்க அங்கே சென்றனர். ஒருகாலத்தில் நோயாளரைக் கண்டு வழிவிலகிச் சென்ற ஊர், இப்போது அவர் வாசலில் நின்று, "இதற்கு எத்தனை வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும்?" என்று கேட்டது. கேட்கப்படுவதைவிடப் பெரிய மதிப்பு மனிதனுக்கு வேறென்ன உண்டு?

2007-இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் பல, பல்கலைக்கழக வளாகம் எழுப்புவதற்காக இடிக்கப்பட்டன. எஞ்சிய பகுதியைக் காக்க வேண்டுமென்ற குரல் எழுந்தது. 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் அது இடம்பெற்றது.

நாம் கொள்ள வேண்டுவது

பசுமை நோயாளருக்கு உதவும் என்பதற்கு அறிவியற் சான்றும் உண்டு. 1984-இல் ராஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க அறிஞர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர், செங்கற்சுவரைக் கண்டவரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. ஆனால் சுங்கை பூலோவின் பாடம் இதற்கும் ஒருபடி அப்பாற் செல்கிறது. பார்க்கும் மரம் நலந்தரும். தானே நட்டு, அயலார்க்குக் கொடுக்கும் செடி, நலத்தோடு மதிப்பையும் தரும். லயத்து வீட்டின் பின்புறத்து முருங்கை தந்த களைப்பாறுதலின் காரணமும் இதுவேயாகும். அந்த மண்ணில் அவர் ஏவலாள் அல்லர்; ஒரு கை கீரை பறித்து அண்டை வீட்டுக்கு அளிக்கும் உரிமையாளர்.

இன்று தோட்டப்புறங்கள் கலைந்து, நம்மவரிற் பலர் செபராங் ஜெயா போன்ற புதுநகர்களின் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். பால்மரம் போனதற்கு வருந்துவோர் சிலரே. அந்தப் பின்புறத்து நிலம் போனதை முதியோர் அனைவரும் உணர்கின்றனர். பகலெல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னே அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் செடி வளர்க்கும் கலை மறந்துவிடவில்லை. அடுக்குமாடிகளுக்கிடையே வெறுமனே கிடக்கும் நிலத்தில், நகராட்சியின் இசைவு பெற்று, குடியிருப்போர் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிகளும் கூடிப் பொதுத் தோட்டம் அமைப்பது இயலாத செயலன்று. அங்கே முதியோர் ஆசிரியராகட்டும், பிள்ளைகள் மாணவராகட்டும். வேண்டாதவரென ஒதுக்கப்பட்டோர் தம் கைச்செடியால் ஊரைத் தம்மிடம் அழைத்த நாடு இது. ஒதுக்கப்படாத நம் பெரியோருக்கு ஒரு பிடி மண்ணை மறுக்கலாமா?