மஜகாவில் ஒரு வீட்டுப் பட்டறை

அர்தசீர் கர்செட்ஜி வாடியா என்ற பார்சி இளைஞர் 1833-இல், பம்பாயின் மஜகாவ் பகுதியிலிருந்த தம் வீட்டில், நீராவி எந்திரம் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். அதன் ஆற்றல் ஒரே ஒரு குதிரைத்திறன். கிணற்று நீரை மேலேற்றித் தோட்டத்துச் சிறு நீரூற்றைப் பீச்ச வைப்பதுதான் அதன் வேலை. ஆளும் மாடும் மலிவாகக் கிடைத்த ஊரில் தண்ணீர் இறைக்க அப்படியோர் எந்திரம் தேவையே இல்லை. எந்திரத்தைக் கற்பதற்குத்தான் அது தேவைப்பட்டது.

அர்தசீர் 1808-இல் பிறந்தவர். அவருடைய முன்னோரான லவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவை 1736-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்திலிருந்து பம்பாய்க்கு அழைத்து வந்தது. அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் பம்பாய்த் துறைமுகத்தின் தலைமைக் கப்பல் தச்சர்கள் அந்தக் குடும்பத்திலிருந்தே வந்தார்கள். மலபார்த் தேக்கில் அவர்கள் கட்டிய கப்பல்களின் உழைப்பு பெயர்பெற்றது. 1813-இல் இறக்கப்பட்ட கார்ன்வாலிஸ் கப்பலின் மேல்தளத்தில்தான் 1842-இல் பிரிட்டனும் சீனாவும் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1817-இல் கட்டி முடித்த டிரிங்கோமாலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. அர்தசீர் பதினான்கு வயதிலேயே இத்தொழிலுக்குள் வந்துவிட்டார்.

அவர் தொழில் பழகிய ஆண்டுகளில்தான் மரத்தின் காலம் முடியத் தொடங்கியது. பம்பாயில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கப்பலான ஹியூ லின்ட்சே 1829-இல் நீரில் இறங்கி, அடுத்த ஆண்டு மார்ச்சில் சூயஸுக்குப் புறப்பட்டது. உடலைப் பம்பாய்த் தச்சர்கள் செய்தார்கள். எந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. கப்பலின் மதிப்பு மெல்ல மெல்ல உடலிலிருந்து எந்திரத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்ததை, நூறு ஆண்டு காலம் உடலை மட்டுமே கட்டிவந்த குடும்பத்தின் பிள்ளை கவனிக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் எந்திரக்கலையைக் கற்றுத்தர அன்றைய பம்பாயில் பள்ளி கிடையாது. கப்பல் துறையில் இருந்ததெல்லாம் வாளும் உளியும் இழைப்புளியும். எனவே அர்தசீரின் பள்ளி வீட்டிலேயே அமைந்தது. வீட்டோடு ஒரு சிறு வார்ப்புப் பட்டறையையும் அவர் வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இப்படியோர் எந்திரத்தைச் செய்வது என்றால் என்ன என்பதை இன்று எண்ணிப் பார்ப்பது எளிதல்ல. நீராவி உருளையை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அதன் மாதிரியை மரத்தில் செதுக்க வேண்டும். உருகிய இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அந்த அளவுக்கு மாதிரியைப் பெரிதாகச் செய்ய வேண்டும். உள்ளீடாக இருக்க வேண்டிய இடத்துக்கு மணலில் தனியாகக் கரு பிடித்துச் சுட வேண்டும். மணலில் ஈரம் சற்றுக் கூடினாலும், கொதிக்கும் உலோகம் பட்டவுடன் அது ஆவியாகி வார்ப்புக்குள் குமிழிகளாகச் சிக்கிக்கொள்ளும். அந்தக் குமிழிகள் வெளியே தெரியாது. பல நாள் உழைத்து உட்புறத்தைக் கடையும்போதுதான் பள்ளங்களாகத் தலைகாட்டும். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை, உடைத்து மறுபடி உலையில் போடுவதைத் தவிர. ஆண்டில் நான்கு மாதம் காற்றே நனைந்து கிடக்கும் பம்பாயில் மணலை உலர்வாக வைத்திருப்பது தனிப்பாடு.

வார்ப்பு நன்றாக வந்தாலும் வேலை பாதிதான். உருளையின் உட்புறம் வட்டம் பிசகாமல் இருக்க வேண்டும். பிசகினால் ஆவி கசியும். உந்துத்தண்டைச் சுற்றிச் சணல் கயிற்றைக் கொழுப்பில் தோய்த்துச் சுற்றிக் கசிவை அடைப்பதே அக்கால வழக்கம். தட்டையான பரப்புகளை அரத்தால் ராவி ராவித்தான் பொருத்த வேண்டும். உளியைக் கையால் பிடிக்காமல் இரும்புத் தாங்கியில் பூட்டி நகர்த்தும் கடைசல் எந்திரத்தை ஹென்றி மாட்ஸ்லே லண்டனில் 1800-ஐ ஒட்டிச் செம்மைப்படுத்தியிருந்தார்; உலகின் மற்ற இடங்களுக்கு அது மெல்லத்தான் பரவியது. திருகாணிகளுக்குப் பொது அளவே இல்லை. ஜோசப் விட்வொர்த் ஒரே சீரான திருகுப்புரி அளவுகளை முன்மொழிந்தது 1841-இல். அதுவரை ஒரு பட்டறையில் செய்த ஆணிக்கு வேறு பட்டறையின் மரை பொருந்தாது. ஓர் ஆணி தொலைந்தால் அதைச் செய்தவரே மறுபடி செய்ய வேண்டும். ஒரு குதிரைத்திறன் என்பது கேட்பதற்குச் சிறியது. ஆனால் அதில் வேண்டிய திறமைகளின் பட்டியல் நூறு குதிரைத்திறன் எந்திரத்தினுடையதைவிடக் குறைந்ததல்ல.

அடுத்த சோதனை விளக்கு. 1834-இல் அர்தசீர் தம் மஜகாவ் வீட்டையும் தோட்டத்தையும் நிலக்கரி வாயுவால் ஒளியேற்றினார். ஆளுநர் கிளேர் பிரபு வந்து பார்த்துவிட்டு மரியாதைச் சால்வை வழங்கினார். செய்முறை கொள்கையளவில் எளிது: மூடிய இரும்புக் கலத்தில் நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டால் வாயு வெளிவரும்; அதை நீரிலும் சுண்ணாம்பிலும் செலுத்தித் தாரையும் கந்தகத்தையும் நீக்கி, நீரில் கவிழ்த்த தொட்டியில் சேர்த்துவைத்துக் குழாய்களில் விடலாம். நடைமுறையில் ஒவ்வொரு குழாய் இணைப்பும் கசியக் காத்திருக்கும் இடம், கசிந்தால் தீப்பிடிக்கும். பம்பாய்த் தெருக்களுக்கு வாயு விளக்கு வந்தது 1865-இல்தான். ஒரு வீட்டுத் தோட்டம் நகரத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திக்கொண்டது.

இவற்றோடு அவர் நிற்கவில்லை. இன்டஸ் என்ற 60 டன் கலத்தைக் கட்டி அதில் நீராவி எந்திரத்தைப் பொருத்தினார். 1839-இல் இங்கிலாந்துக்குப் பயணமானார். செங்கடல், எகிப்து வழியாகச் சென்ற அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு அடுத்த ஆண்டு லண்டனில் நூலாக வந்தது. அங்கிருக்கும்போதே பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளர், எந்திர ஆய்வாளர் பதவிகள் அவருக்குக் கிடைத்தன. இந்தச் செய்தி பம்பாய் ஆங்கிலேயருக்கு உவப்பாக இல்லை. ‘பாம்பே டைம்ஸ்’ ஏடு வெளிப்படையாகவே எதிர்த்து எழுதியது: எவ்வளவு படித்தவராக இருந்தாலும் ஓர் இந்தியர் ஆங்கிலேயத் தொழிலாளர்களை மேற்பார்த்து ஆள முடியுமா என்பது அதன் ஐயம். எந்திரம் அவருக்குத் தெரியுமா என்பதில் ஐயம் எழுப்பியிருந்தால் அதற்கு மஜகாவ் வீடு பதில் சொல்லியிருக்கும். எழுந்த ஐயமோ எந்திரத்தைப் பற்றியது அல்ல. 1841 ஏப்ரலில் அர்தசீர் பொறுப்பேற்றார். ஐரோப்பிய மேலாளர்களும் கொதிகலன் வேலைக்காரர்களும் அவருக்குக் கீழே பணியாற்றினார்கள். அடுத்த மாதமே லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அந்த இடத்தில் பலர் சீனிவாச ராமானுஜனை வைத்துச் சொல்வதுண்டு. ராமானுஜன் 1918-இல், எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, இரண்டாமவராகச் சேர்ந்தார். கணித மேதைக்கு முன்னால் அந்தப் பட்டியலில் இருப்பவர் ஒரு கப்பல் தச்சர்.

பெரிய தொழிற்சாலை கைக்கு வந்தபின்னும் அவர் வீட்டுப் பட்டறையை மூடவில்லை. 1849-இல் அமெரிக்கா சென்று மரம் அறுக்கும் எந்திரங்களை வாங்கினார். 1851 பிப்ரவரியில் லவ்ஜி பேமிலி என்ற நீராவிக் கப்பலை இறக்கினார். அதன் உலோக வார்ப்புகளும் உருளைகளும் வீட்டுப் பட்டறையில் உருவானவை. கிணற்றங்கரை எந்திரத்துக்கும் இதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். தையல் எந்திரம், புகைப்படம், மின்முலாம் ஆகியவற்றைப் பம்பாய்க்கு அறிமுகம் செய்தவர் என்றும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1857-இல் ஓய்வுபெற்று, 1877-இல் இங்கிலாந்தின் ரிச்மண்டில் காலமானார். இந்திய அரசு 1969-இல் அவர் உருவத்தோடு அஞ்சல்தலை வெளியிட்டது.

மஜகாவ் பட்டறையில் கற்றவை அங்கேயே நின்றுவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1853-இல் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு ரயில் ஓடியது. 1850-களின் நடுவில் தார்தேவில் முதல் பருத்தி ஆலை எழுந்தது. ரயில் எஞ்சினும் நூற்பு எந்திரமும் கடல் வழியே வந்தன. அவற்றைப் பூட்டிப் பழுதுபார்க்கும் ஆட்களும் கூடவே வந்தார்கள். ஆலைகளுக்குச் செல்வம் தந்த நகரம், ஆலை எந்திரத்தைச் செய்யும் கல்விக்கு 1887 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் பைகுல்லாவில் தோன்றியது. 1923-இல் அது மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய வீரமாதா ஜீஜாபாய் நிறுவனம் அதுவே.

அங்கே மாணவராக நுழைந்து பின்னர் ஆசிரியரும் ஆனவர் லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர். ஓவியம் பயில 1885-இல் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு வந்தவர், சில நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறை தமக்கு இருப்பதை அங்கே அறிந்தார். வண்ணத்தை விட்டு எந்திர வரைபடத்துக்கு மாறினார். ஜூபிலி நிறுவனத்தில் தமக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போகவே வேலையை உதறிவிட்டு பெல்காமுக்குத் திரும்பினார். அங்கே சைக்கிள் கடை. அதன் பிறகு சிறு பட்டறை, தீவனம் வெட்டும் கருவி, 1903-இல் இரும்புக் கலப்பை. இரும்பு நிலத்தை நஞ்சாக்கும் என்று விவசாயிகள் அஞ்சினார்கள். முதல் கலப்பைகள் விலைபோக இரண்டு ஆண்டுகள் ஆயின. ஊர் விரிவாக்கத்துக்காகப் பட்டறை இடத்தையும் காலிசெய்ய நேர்ந்தது. ஔந்த் அரசர் கொடுத்த நிலத்தில் 1910-இல் கிர்லோஸ்கர்வாடி தொடங்கியது. அந்தக் குடும்பம் பின்னால் ஹரிஹரில் கடைசல் எந்திரங்களையே செய்து விற்றது. தமிழ்நாட்டு லேத் பட்டறைகளில் கிர்லோஸ்கர் என்ற பெயர் பொறித்த எந்திரத்தைக் காணாதவர் குறைவு.

மாட்டுங்காவில் கல்லூரி வருவதற்கு முன்பே, 1915-இல், ரயில்பெட்டிப் பணிமனை வந்துவிட்டது. பணிமனை, தோல் பதனிடும் கூடங்கள், அவற்றைச் சுற்றித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் குடியிருப்புகள் என்று மாட்டுங்கா லேபர் கேம்ப்பும் தாராவியும் வளர்ந்தன. இங்கே வீடும் பட்டறையும் ஒன்றாக இருந்தது அர்தசீரைப் போல ஆர்வத்தால் அல்ல, இடமின்மையால். கீழே வேலை, ஏணி ஏறினால் வீடு.

இங்கிலாந்தில் வீட்டுப் பட்டறை தனிப் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. 1898-இல் பெர்சிவல் மார்ஷல் ‘மாடல் எஞ்சினியர்’ இதழைத் தொடங்கினார். 1946-இல் மைபோர்டு நிறுவனம் எம்எல்7 என்ற சிறு கடைசல் எந்திரத்தை விற்கத் தொடங்கியது. அலுவலக வேலை முடிந்து வந்தவர்கள் தோட்டத்துக் கொட்டகையில் பொம்மை ரயில் எஞ்சின்களைச் செய்தார்கள். மும்பைக்கு அந்தக் கொட்டகை இல்லை. எந்திரங்களை இறக்குமதி செய்ய நெடுங்காலம் உரிமமும் வரியும் தடையாக நின்றன. எனவே இங்கே ஆர்வமும் பிழைப்பும் பிரியவில்லை. தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை அரைத்துத் துகளாக்கும் எந்திரங்களை அங்கேயே, பழைய இரும்பிலிருந்து, செய்துகொள்கிறார்கள். அதன் கத்தி மழுங்கினால் தீட்டுவதும், அச்சு முறிந்தால் கடைந்து போடுவதும் சில சந்து தள்ளி நடக்கும். வரைபடம் எதுவும் கிடையாது. முன்பு செய்த எந்திரம்தான் அடுத்ததற்கு அளவு.

செம்பூர், மாட்டுங்கா அடுக்ககங்களில் இன்று லேத் வாங்கி வைக்க விரும்புபவருக்கு முதல் தடை மின்சாரம். ஆலைகள் கழித்துவிட்ட எந்திரங்களின் மோட்டார் மும்முனை மின்சாரத்துக்கானது. வீட்டுக்கு வருவது பொதுவாக ஒருமுனை. மோட்டாரையே மாற்றலாம், ஒருமுனையை மும்முனையாக மாற்றித்தரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கிடைக்கிறது. அடுத்தது எடை: நடுத்தர லேத் ஒன்று பல நூறு கிலோ தேறும், அதை மாடிப்படியில் ஏற்றுவது ஒரு கேள்வி, தளம் தாங்குமா என்பது இன்னொன்று. வெட்டுளி, துளைக்கருவி, தாங்குருளை, அளவுக்கருவி எல்லாம் நாக்தேவி தெருவில் கிடைக்கும். ஜூன் பிறந்தால், மஜகாவில் மணலை நனைத்த அதே ஈரம் லேத்தின் படுகையில் துருவாகப் படியும். எண்ணெய் தடவி மூடிவைக்காத எந்திரத்தை ஆகஸ்டில் உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டியிருக்கும்.