ஏழால் வகுபடும் எண்: இந்தியாவில் புராடக்ட் கீயின் வரலாறு

1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95 இயங்குதளத்தின் குறுந்தகட்டு உறையில் பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண் அச்சிடப்பட்டிருந்தது. முதலில் மூன்று இலக்கங்கள், ஒரு சிறு கோடு, பின்னர் ஏழு இலக்கங்கள். அந்த எண்ணை நிறுவல் நிரல் எந்தப் பட்டியலோடும் ஒப்பிடவில்லை. முதல் மூன்று இலக்கங்கள் 333, 444 போன்ற விலக்கப்பட்ட சில எண்களாக இல்லாதிருக்க வேண்டும். அடுத்த ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும். அவ்வளவே சோதனை. எல்லா இடங்களிலும் ஒன்று என்னும் இலக்கத்தைத் தட்டினாலே போதும். ஏழு ஒன்றுகளின் கூட்டுத்தொகை ஏழு. உலகின் பெரும்பான்மைக் கணினிகளை இயக்கிய மென்பொருளின் கதவு இத்தகைய பூட்டோடுதான் நின்றது.

பூட்டு பலவீனமாக இருந்ததற்குத் தொழில்நுட்பப் போதாமை மட்டும் காரணமன்று. 1976 பிப்ரவரியிலேயே பில் கேட்ஸ், ஆல்ட்டேர் கணினிக்கான பேசிக் மென்பொருளைப் படியெடுத்துப் பகிர்ந்த ஆர்வலர்களைத் திருடர்கள் என்று சாடித் திறந்த மடல் எழுதியிருந்தார். அதே கேட்ஸ் 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசுகையில், சீனாவில் மென்பொருளுக்கு யாரும் பணம் தருவதில்லை, ஆயினும் திருடத்தான் போகிறார்கள் என்றால் தங்களுடையதையே திருடட்டும், பழகியபின் பணம் பெறும் வழியைக் கண்டுகொள்ளலாம் என்ற பொருள்படக் கூறினார். இந்த இரு கூற்றுகளுக்கும் இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் கொள்கை மாறிவிட்டது என்று கருதுவது எளிது. உண்மையில், இழப்பும் சந்தையும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதை அது கற்றுக்கொண்டிருந்தது. இந்தியாவின் கதையை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் பின்தங்கியிருந்தது என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்யப்பட்ட திருத்தம் கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகைக்குள் கொண்டுவந்தது. (ஒரு கவிதை நூலும் ஓர் இயங்குதளமும் இந்நாட்டுச் சட்டத்தின் கண்களில் ஓரினம் என்பதை இலக்கிய மாணவர்கள் அறிந்துவைப்பது நல்லது.) 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் கடுமையானது. அது சேர்த்த 63பி பிரிவின்படி, உரிமை மீறிய படி என்று அறிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாட்களுக்குக் குறையாத, மூன்றாண்டு வரை நீளக்கூடிய சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. வணிக ஆதாயத்திற்காக அல்லாத பயன்பாடு எனில் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஆகவே சட்டம் இருந்தது. ஆனால் டெல்லி நேரு பிளேஸிலும் சென்னை ரிச்சி தெருவிலும் உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கணினி கட்டித் தந்த கடைக்காரரின் விலைச்சீட்டில் இயங்குதளத்துக்கென்று ஒரு வரி பெரும்பாலும் இருந்ததில்லை. அது மதர்போர்டோடும் ஹார்ட் டிஸ்க்கோடும் சேர்ந்து வரும் இயற்கைப் பொருள் என்றே வாங்குபவர் கருதினார். நேரு பிளேஸ் அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகத்தின் ‘பேர்போன சந்தைகள்’ பட்டியலில் இடம்பெற்றதும் உண்டு.

பூட்டு உண்மையிலேயே மாறியது 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியோடுதான். இருபத்தைந்து எழுத்துகள் கொண்ட சாவி விண்டோஸ் 98 காலத்திலேயே வந்துவிட்டது. உயிரெழுத்துகள் நீக்கப்பட்ட இருபத்துநான்கு குறிகளால் ஆனது அது. எக்ஸ்பி கொண்டுவந்த புதுமை ‘ஆக்டிவேஷன்’. சாவி எண்ணோடு செயலி, வன்தட்டு, பிணைய அட்டை முதலியவற்றிலிருந்து பெறப்பட்ட ஓர் அடையாளமும் சேர்ந்தது. முப்பது நாட்களுக்குள் இணையத்தின் வழியாகவோ தொலைபேசியிலோ நிறுவனத்திடம் ஒப்புதல் பெற வேண்டும். தொலைபேசி எனில் ஐம்பது இலக்கங்களை வாசித்து, நாற்பத்திரண்டு இலக்கங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பாகங்கள் அளவுக்கு மீறி மாற்றப்பட்டால் மீண்டும் அதே சடங்கு. அதுவரை உரிமம் என்பது வாங்கியவருக்கும் பெட்டிக்கும் இடையிலான உறவு. இனி அது ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்கும் ரெட்மண்டிலிருந்த தலைமையகத்துக்கும் இடையிலான உறவாயிற்று. பழுதான பாகத்தை மாற்றி மாற்றிப் பத்தாண்டு ஓட்டும் இந்தியப் பழக்கத்துக்கு இது எவ்வளவு அந்நியமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் பெருநிறுவனங்களுக்கென ஒரு பக்கக் கதவு திறந்திருந்தது. ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே சாவியைப் பயன்படுத்தும் ‘வால்யூம்’ உரிமங்களுக்கு ஆக்டிவேஷன் தேவையில்லை. அத்தகைய சாவி ஒன்று எக்ஸ்பி கடைகளுக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்னரே கசிந்தது. உலகெங்கும் குறுந்தகடுகளின் மேல் அந்த இருபத்தைந்து எழுத்துகள் மையால் எழுதப்பட்டன. 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக் அந்தச் சாவியைத் தடை செய்தது. 2005இல் மேம்படுத்தல்களைத் தரவிறக்குமுன் உண்மைத்தன்மைச் சோதனை கட்டாயமாயிற்று. பாதுகாப்புத் திருத்தங்கள் தானியங்கி வழியில் எல்லாப் படிகளுக்கும் தொடர்ந்து கிடைத்தன என்பது அதிகம் அறியப்படாத செய்தி. சோதனையில் அகப்பட்டுவிடுவோம் என்று அஞ்சியவர்கள் மேம்படுத்தலையே முழுதாக அணைத்துவைத்தனர். சாவியின்றி நிறுவியதன் உண்மையான விலையைச் சட்டத்திடம் அன்றி நச்சுநிரல்களிடம் செலுத்தினர்.

அதே 2005இல் இந்தியச் சந்தைக்கென எக்ஸ்பியின் ‘ஸ்டார்ட்டர்’ பதிப்பு இந்தியில் வந்தது. புதுக் கணினியோடு மட்டுமே கிடைக்கும்; ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாது. குறைந்த விலைக்குக் குறைக்கப்பட்ட கணினி. கசிந்த சாவியோடு முழுப் பதிப்பு இலவசமாய்க் கிடைத்த தெருவில் அது யாரை வெல்லும் என்று கணக்கிட்டார்களோ!

இதே ஆண்டுகளில் வேறொரு விடையும் உருவாயிற்று. வரலாற்றாய்வுகள் இதற்குரிய இடத்தை இன்னும் தரவில்லை. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் கேரள அரசு தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் முதலில் தனியுரிம மென்பொருளையே நம்பியிருந்தது. ஆசிரியர் சங்கங்களிலிருந்தும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்திலிருந்தும் எழுந்த எதிர்ப்பின் விளைவாக அது படிப்படியாகக் குனு லினக்ஸுக்கு மாறியது. பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வே அதன்மேல் நடக்கலாயிற்று. பள்ளி ஆய்வகத்துக் குறுந்தகட்டை மாணவர் வீட்டுக்கு எடுத்துச்சென்று நிறுவினால் அது குற்றமன்று. ஆசிரியர் விரும்பிய செயல். ஒரே உடற்செயல், ஓரிடத்தில் 63பி, மற்றோரிடத்தில் வீட்டுப்பாடம். 2007இல் சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து ‘பாஸ்’ இயங்குதளத்தை வெளியிட்டது. 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கட்டத்தில் விண்டோஸோடு அதுவும் இடம்பெற்றது. கேரளத்தில் பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் தேர்வும் சேர்ந்து மாறின. மடிக்கணினியில் இரண்டாவது இயங்குதளமாக மட்டும் வைக்கப்பட்டதை மாணவர் ஏன் திறந்து பார்க்க வேண்டும்?

இதற்கிடையில் சாவி கண்ணிலிருந்து மறையத் தொடங்கியது. மடிக்கணினியின் அடியில் ஒட்டப்பட்டு, வெப்பத்திலும் உராய்விலும் எழுத்தழிந்துபோன உரிமச் சீட்டு 2012இல் விண்டோஸ் 8 வந்தபின் அருகியது. தயாரிப்பாளர் மதர்போர்டின் நினைவகத்திலேயே சாவியைப் பதித்து அனுப்பினார். 2015இல் வந்த விண்டோஸ் 10இன் நிறுவல் திரையில் ‘என்னிடம் சாவி இல்லை’ என்று சொல்லி மேலே செல்லும் வாய்ப்பை நிறுவனமே வைத்தது. எண் கேட்கப்படுவதில்லை, கணினி முடங்குவதும் இல்லை. திரையின் வலது கீழ்மூலையில் ஆக்டிவேட் செய்யுமாறு கோரும் மங்கிய எழுத்து நிற்கும். அமைப்புகள் பகுதிக்குள் சென்று பின்னணிப் படத்தை மாற்ற முடியாது.