சங்கிலியின் இரைச்சலும் பெல்றின் மௌனமும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அக்கார்களில் கிராங்க் தண்டின் சுழற்சியைக் கேம் தண்டுக்குக் கொண்டுசென்றது உருக்குச் சங்கிலி. அது தளர்ந்தால் எஞ்சினின் முன்புறத்தில் கலகலவென்று இரைச்சல் எழும். எங்கள் மெக்கானிக்குகள் காதால் கேட்டே நோயைச் சொன்னார்கள்.

அந்தச் சங்கிலியின் இடத்தில் பல் வெட்டிய இறப்பர் பட்டியை வைத்து விற்பனைக்கு வந்த முதற் கார், 1962 இல் ஜேர்மனியின் கிளாஸ் நிறுவனம் உற்பத்தி செய்த 1004 ஆகும். 1966 இல் அமெரிக்காவின் பொன்ரியாக்கும் இத்தாலியின் ஃபியற்றும் அதே வழியைப் பின்பற்றின. பட்டி மலிவானது, எண்ணெய் வேண்டாதது, சத்தமற்றது. அதன் ஆபத்தும் அந்த மௌனத்திலேயே இருந்தது.

2002 இல் ஏ9 பாதை திறக்கப்பட்ட பின்னர், நானும் பாவித்த ஜப்பானிய டீசல் வான் ஒன்றை வாங்கினேன். மறு ஆண்டு, கண் சத்திரசிகிச்சைக்காக அம்மாவைக் கொழும்புக்கு அழைத்துச் செல்கையில், மாங்குளத்துக்கு அண்மையில் எந்த முன்னறிவிப்புமின்றி எஞ்சின் நின்றது. வீதியின் இருபுறமும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். மாலையில் ஓமந்தைச் சோதனைச்சாவடி மூடப்பட்டுவிடும். அன்றிரவை வானுக்குள்ளேயே கழித்தோம். சத்திரசிகிச்சைக்குக் குறித்த நாள் தவறியது. அம்மா ஒரு சொல்லும் குறைகூறவில்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது.

வவுனியாவில் எஞ்சினைத் திறந்த மெக்கானிக், பல்லுதிர்ந்த பெல்றையும் வளைந்த வால்வுகளையும் காட்டினார். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகச் சொற்பம். பெல்ற் அறுந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். “மீற்றரைப் பாத்தியள், வருஷத்தைப் பாக்கேல்லை ஐயா” என்றார். மீற்றர் காட்டியது அறுபதினாயிரம் கிலோமீற்றர். வானின் வயதோ பதின்மூன்று. அந்த மீற்றர் உண்மை சொன்னதா என்பது வேறு கேள்வி.

அன்று கற்றதை வாசகர்களுக்குச் சொல்கிறேன். இறப்பர் ஓட்டத்தால் மட்டுமன்றி, வெப்பத்தாலும் வயதாலும் முதிர்கிறது. ஆகவே தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் தூரம், ஆண்டு ஆகிய இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே மாற்றும் நாள். வெடிப்பு, பல் தேய்வு, எண்ணெய்க் கசிவு என்பன தென்பட்டால் அதுவரையும் காத்திருக்கலாகாது. ஆனால் அவை தென்படாமை பெல்ற் நலமாயிருப்பதற்குச் சான்றல்ல. சில ஜப்பானிய டீசல் வாகனங்களில் எரியும் எச்சரிக்கை விளக்கும் பெல்றைப் பார்ப்பதில்லை, ஓடிய தூரத்தை எண்ணுகிறது, அவ்வளவே. பாவித்த வாகனத்தின் பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இன்று பல எஞ்சின்கள் மீண்டும் சங்கிலிக்குத் திரும்பியுள்ளன. எனினும் பெல்ற் பூட்டிய வாகனங்கள் இன்னும் எமது வீதிகளில் ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர் காதைத் தீட்டுவதில் பயனில்லை; நாட்குறிப்பைப் புரட்டட்டும்.